அடக்கி வாசித்தால் ஆச்சா?

கேள்வி: 2024 செப்டம்பரில் ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்ததைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. செல்போன் தொழில் சீனாவிலிருந்து நம் பக்கம் இப்போதுதான் வருகிறது. முதலீட்டாளர்கள் மிரண்டுவிட மாட்டார்களா? நாட்டு நலனுக்காகக் கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா?

பதில்: கூடாது. முதலில், யாரிடம் மறைக்கப் போகிறோம்? அந்த ஆலை ஐபோனின் பின்பக்க மூடியைச் செய்து கொடுத்தது. இந்தியாவில் அதைச் செய்தது அது ஒன்றுதான் என்றே அப்போது செய்திகள் வந்தன. மூடி வராதது ஆர்டர் கொடுத்தவருக்குப் பேப்பர் படித்தா தெரிய வேண்டும்?

உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சீனாவிலும் ஆலைகள் வெடித்தன. ஆனாலும் ஆர்டர்கள் அந்த நாட்டை விட்டுப் போகவில்லை. ஓர் ஆலை நின்றால் அதே பாகத்தைச் செய்ய அங்கே இன்னும் நாலு ஆலைகள் இருந்தன. புதிதாகத் தொழிலுக்கு வரும் நாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கூடம் எரிந்தால், பல மைல் தள்ளி போனை மாட்டி முடிக்கிற லைனும் கைகட்டி நிற்கும். ஆகவே நமக்குப் பாதுகாப்பில் அவர்களைவிடக் கூடுதல் கண்டிப்பு தேவை.

சரி, அடக்கி வாசித்தால் என்ன ஆகும்? சீனாவின் செங்டு நகரத்தைப் பாருங்கள். அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபேடின் அலுமினிய உறையைப் பாலிஷ் போடுவார்கள். பறக்கிற தூசு மாவு போல இருக்கும். குழாய்க்குள்ளும் உத்தரத்தின் மேலும் படியும். ஒரு பொறி பட்டால் முதலில் சின்னதாக வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் மேலே படிந்த தூசெல்லாம் உதிர்ந்து காற்றில் கலந்தால், அடுத்து வருவதுதான் ஆளைக் கொல்லும். தூசு தாங்க முடியவில்லை என்று அங்குள்ள தொழிலாளர்கள் சொன்னதை ஹாங்காங் அமைப்பு ஒன்று வெளியிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டே வாரத்தில், 2011 மே 20 அன்று, தூசு வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஷாங்காயில் இன்னோர் ஆலை, மறுபடி அலுமினியத் தூசு. 2014 ஆகஸ்ட் 2 அன்று குன்ஷானில் கார் சக்கரம் பாலிஷ் போடும் கூடத்தில் மீண்டும் அதே தூசு. குன்ஷானில் மட்டும் 146 பேர் போனார்கள். மூன்று வருஷத்தில் மூன்று முறை ஒரே காரணம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மாறாக ஜப்பானின் ரெனசாஸ் என்ன செய்தது? 2021 மார்ச்சில் அதன் நாகா சிப் ஆலையில் ஒரு மின்முலாம் இயந்திரத்தில் தொடங்கிய தீ, சுமார் 600 சதுர மீட்டரை எரித்தது. ஏற்கெனவே சிப் பஞ்சத்தில் இருந்த கார் கம்பெனிகள் ஆடிப்போயின. எத்தனை இயந்திரங்கள் கெட்டன, எப்போது சரியாகும் என்று ரெனசாஸ் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. முதலில் சொன்ன எண்ணிக்கை கூடியபோது அதையும் மறைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஓடவில்லை. கார் கம்பெனிகளே ஆட்களை அனுப்பிக் கைகொடுத்தன. ஜூன் கடைசிக்குள் உற்பத்தி பழைய அளவுக்கு வந்துவிட்டது.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் முதலீட்டாளர் இருக்கிறார், நாடு இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும் பெண் இல்லை. நம் செல்போன் ஆலைகளில் பெரும்பாலும் இளம்பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி, ஆலை பஸ்ஸில் போய் வருகிறவர்கள். விபத்துச் செய்தி முதலில் அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் தேவை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஆலைத் தீக்கும் விசாரணை அறிக்கை முழுசாக வெளியே வரவேண்டும், தொழிலாளர்கள் படிக்கிற மொழியில். குன்ஷானில் தூசு சேகரிக்கும் டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஈரம் உள்ளே போய் அலுமினியப் பொடி சூடேறித் தீப்பிடித்தது என்று விசாரணையில் தெரிந்தது. அப்படி ஒரு வரி கையில் கிடைத்தால், பக்கத்து ஆலைக்காரர் அன்றைக்கே போய்த் தன் டிரம்மைத் திறந்து பார்க்கலாம்.