டீச்சரிடம் கேளுங்கள்: ஊட்டியில் ஸ்னோ விழுமா?

கேள்வி: ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன். டெல்லியிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் ‘டுமாரோ மார்னிங் ஸ்னோ’ என்று சொல்லி, விடிகாலை ஐந்தரை மணிக்குத் தலைகுந்தாவுக்கு அழைத்துப் போனேன். புல்லெல்லாம் வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. ஆனாலும் ‘இதுவா ஸ்னோ?’ என்று திரும்புகிற வழியெல்லாம் சண்டை. நான் சொன்னதில் என்ன தப்பு? (வாசகர், காந்தல்)

பதில்: பாதித் தப்புதான் உங்களுடையது தம்பி, மீதி தமிழுடையது. புல்லில் முத்து முத்தாக நின்றாலும் பனி, ரோட்டை மறைத்தாலும் பனி, இமயமலையில் கொட்டினாலும் பனி என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர்.

நீங்கள் காட்டியது ஃப்ராஸ்ட். நம் ஊரில் உறைபனி என்கிறோமே, அது. மேலேயிருந்து விழுவதே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை இழந்து பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போய்விட்டால், காற்றில் இருக்கும் ஈரம் புல்லின் மேலேயே பனித்துகளாகப் படிந்துவிடும். குளிர்ந்த காற்று கனம் அதிகம், பள்ளம் பார்த்து இறங்கும். அதனால்தான் குதிரைப் பந்தய மைதானம் வெளுத்துக் கிடக்கிற அன்றைக்கு, மேட்டில் இருக்கிற வீட்டுத் தோட்டம் பச்சையாகவே இருக்கும். ஸ்னோ வேறு. அது மேகத்திலேயே உருவாகிப் பஞ்சு பஞ்சாக இறங்கி வருவது. மணாலி பக்கம் போய் வந்தவர்களாக இருந்தால் உங்களைச் சும்மா விடுவார்களா? ‘ஊட்டியில் பனிப்பொழிவு’ என்று தலைப்புப் போடுகிற பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு (இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான், ஆசிரியர் வெட்டாமல் விட்டால் படிப்பீர்கள்).

ஃப்ராஸ்ட் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தலைகுந்தா வரை போகவும் வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் சுவரில் வெள்ளையாக அப்பிக்கொள்கிறதே, அதுவும் ஃப்ராஸ்ட்தான். அதைக் கரைக்கிற பொத்தானில் டிஃப்ராஸ்ட் என்று எழுதியிருக்கும்.

அப்புறம், உறைபனிக்கு முன்னால் நமக்கு நீர்ப்பனி வருமே, அது ட்யூ. ரோட்டை மறைப்பது ஃபாக் அல்லது மிஸ்ட். இரண்டும் ஒரே சங்கதி, அடர்த்திதான் வேறு. ஒரு கிலோமீட்டர் தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஃபாக், அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட். வானிலைக்காரர்களின் கணக்கு இது. உங்கள் வண்டியில் ஃபாக் லேம்ப் இருக்கிறது, மிஸ்ட் லேம்ப் இல்லை, பார்த்தீர்களா?

நானும் இதில் பட்டவள்தான். மதுரைப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வேலைக்கு வந்த முதல் ஜனவரியில் ஒருநாள் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். காரணம் கேட்ட தாளில் ‘ஹெவி ஸ்னோ ஆன் த ரோட்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் படித்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். ‘வாங்க, ஸ்னோமேன் செய்யலாம்’ என்றார். வெளியே இருந்தது வெறும் ஃபாக்.

அடுத்த முறை இப்படிச் சொல்லுங்கள்: ‘தேர் வில் பி ஃப்ராஸ்ட் ஆன் த கிராஸ்.’ வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், நேரத்துக்குக் கிளம்புவார்கள்.

கேள்வி: ‘டுடேஸ் கிளைமேட் இஸ் சூப்பர்’ என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது. எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? (பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்)

பதில்: சொல்கிறார்கள் கண்ணு, நானும்தான் சொல்கிறேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று ‘இன்னிக்கு வெதர் நல்லா இருக்கு’ என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் பரீட்சைத் தாளில் இன்றைய வெயிலும் மழையும் வெதர். ஒரு ஊரின் வெதரைப் பொதுவாக முப்பது வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் வருவதுதான் கிளைமேட். ஊட்டியின் கிளைமேட் குளிர். நேற்றைய வெதர் வெயில். மார்க் போனது நியாயம்தான்.

கேள்வி: ஹேர்பின் பெண்ட் என்பதற்குத் தமிழ் என்ன? (வாசகர், மசினகுடி)

பதில்: கொண்டை ஊசி வளைவு. கல்லட்டிப் பாதையில் 36 இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாததா!

கேள்வி: டீத்தூள் பாக்கெட்டில் ‘டஸ்ட்’ என்று போட்டிருக்கிறதே. டஸ்ட் என்றால் தூசிதானே? குப்பையையா விற்கிறார்கள்? (வாசகி, குன்னூர்)

பதில்: குப்பை இல்லை அம்மா, அது தூளின் அளவு. ஃபாக்டரியில் தேயிலையை உலர்த்திச் சல்லடையில் சலித்துப் பிரிக்கும்போது கிடைக்கிற ரொம்பப் பொடியான ரகத்துக்கு டஸ்ட் என்று பெயர். சட்டென்று சாறு இறங்கும், நல்ல நிறம் கொடுக்கும். டீக்கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சொல்லில் வேறொரு வேடிக்கை இருக்கிறது. ‘டஸ்ட் த டேபிள்’ என்றால் மேஜையில் உள்ள தூசியைத் துடைக்க வேண்டும். பேக்கரியில் ‘டஸ்ட் த கேக்’ என்றால் கேக்கின் மேல் சர்க்கரைப் பொடியைத் தூவ வேண்டும். துடைப்பதற்கும் தூவுவதற்கும் ஒரே சொல். பேக்கரி வேலைக்குப் போகிற பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கேக்கிடம் துணியோடு போய் நிற்கப் போகிறார்கள்.