டீச்சரம்மா பதில்கள்: பாடையும் அட்டையும்

கேள்வி: உலகத்திலேயே அதிகமாகத் தானம் செய்கிற நாடு பர்மாதான் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னார்கள். அப்படியானால் நம் தெருவில் ஏழ்மை ஏன் குறையவில்லை, டீச்சரம்மா?
(வாசகர், மோல்மேன்)

பதில்: சொன்னது பொய்யில்லை ஐயா. இங்கிலாந்தில் உள்ள ஒரு அறக்கட்டளை வருஷா வருஷம் போட்டுவந்த பட்டியலில் 2014 முதல் 2017 வரை நாம்தான் முதலிடம். முதல் வருஷம் மட்டும் அமெரிக்காவோடு பங்கு. கேட்டது மூன்றே கேள்விகள்: போன மாதம் பணம் கொடுத்தாயா, நேரம் கொடுத்தாயா, முன்பின் தெரியாதவருக்கு உதவினாயா. 2016 பட்டியலில் நம் ஆட்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பணம் கொடுத்ததாகச் சொன்னார்கள். நேரம் கொடுத்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பணம் எங்கே போகிறது என்று மோல்மேன்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையைத் தூக்கி மலை உச்சிப் பகோடாவைப் பார்த்தால் தங்கம் மின்னுகிறது. குறை சொல்லவில்லை, நம் கோயில் கும்பாபிஷேகக் கணக்கைப் பிரித்தால் நாமும் சளைத்தவர்கள் இல்லை. பணம் கொடுத்தவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நேரம் கொடுக்க வந்தவர் அப்படிப் போக முடியாது. மீதியைக் கீழே கம்பை இளைஞர் கேட்ட கேள்விக்கு எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வேலை முடிந்ததும் இலவச ஈமச்சடங்குச் சங்கத்துக்காரர்களோடு பிணம் தூக்கப் போய்விடுகிறான். ராத்திரி வந்தால் வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுகிறேன். "இப்படித் தீட்டைச் சுமக்கிறவன் தங்கச்சியை எவன் கட்டுவான்?" என்கிறாள் என் நாத்தனார். போகாதே என்று சொல்லிவிடட்டுமா?
(ஒரு தாய், தாம்வே)

பதில்: வேண்டாம் தங்கச்சி. குளிக்க வைப்பதை மட்டும் விடாதீர்கள். கையுறை போடுகிறானா என்றும் கேளுங்கள். பையன்கள் அதில் அசட்டையாக இருப்பார்கள்.

2001-இல் நடிகர் ஜோ தூவும் இயக்குநர் துக்காவும் ரங்கூனில் இந்த இலவசச் சேவையை ஆரம்பித்தார்கள். பெட்டிக்கும் வண்டிக்கும் காசில்லாமல், செத்தவரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் இருந்த காலம் அது. பர்மாவின் அகாதமி விருது வாங்கிய கதாநாயகன் சவப்பெட்டியைத் தோளில் வைத்ததும், கூட நடித்தவர்களிலேயே சிலர் அவரை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். பர்மியருக்கும் இது பழைய நோய்தான். ராஜா காலத்தில் சுடுகாட்டு வேலை பார்த்தவர்களுக்குத் 'துபயாசா' என்று ஒரு பெயர் வைத்து, பரம்பரையாக ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைத்திருந்தார்கள். நாம் வெட்டியான் என்று சொல்லி வைத்திருந்த மாதிரி. வயல் அறுக்கவும் மூட்டை தூக்கவும் கப்பலேறி இங்கே வந்தவர்களில் எத்தனை பேர் ஊர்க் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்று உங்கள் நாத்தனாரின் பாட்டனைக் கேட்டால் தெரியும். அவர் இல்லை, அதனால் இவர் தைரியமாகப் பேசுகிறார்.

2021 ஜூலை மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றது, யேவே சுடுகாட்டிலும் வரிசை. எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு பாட்டி விடியற்காலை போய்விட்டார். நாலு பையன்கள் வந்தார்கள். மூன்று பேருக்கு வெள்ளைப் பாதுகாப்பு உடை, நாலாமவனுக்கு இல்லை. சந்தையில் விற்கிற மெல்லிசு பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்றை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தான். எங்கள் மாடிப்படியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திருப்பத்தில் அரிசி மூட்டையே சிக்கும். பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு, பாட்டியைக் கைலித் துணியால் பலகையோடு சேர்த்துக் கட்டி, நிமிர்த்தி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். மழைக்கோட்டுப் பையன் கீழ்ப்பக்கம். பாரம் முழுக்க அவன் நெஞ்சில். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, "பாட்டி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றான், தமிழில்.

மற்ற மூவரில் இருவர் பர்மியர், ஒருவர் முஸ்லிம் என்று அப்புறம் தெரிந்தது. பாட்டியின் பெயரை மட்டும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை. இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? கதவு இடுக்கு வழியாகத்தான். நான் கதவைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், ஒரு செம்பு தண்ணீர் கூட எடுத்து வைக்கவில்லை.

சரி, தங்கை கல்யாணம். அண்ணன் பிணம் தூக்குகிறான் என்று பின்வாங்குகிற வீடாக இருந்தால், அது முன்கூட்டியே தெரிந்ததற்கு உங்கள் மகனுக்கு ஒரு கைலி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் அன்னதானத்தில் பரிமாறுகிறேன் டீச்சரம்மா. என் நண்பன் சிரிக்கிறான். "நீ சோறு போட்டதால் எவனாவது ஏழ்மையை விட்டு வெளியே வந்தானா? அடுத்த வாரமும் அதே ஆள்தானே வருகிறான்?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
(இளைஞர், கம்பை)

பதில்: உன் நண்பன் சொல்வது பாதி சரி தம்பி. அதே ஆள்தான் வருகிறார். அந்த ஆள் யார் என்று நீ கேட்டிருக்கிறாயா?

எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு பெண் இரண்டு பையன்களோடு எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் வந்தாள். காலையில் கூடை சுமந்து பெப்யோ, அதாவது அவித்த பயறு, விற்பவள். சாம்பாரை இரண்டாவது தரம் கேட்க மாட்டாள், பையன்களையும் கேட்க விடமாட்டாள். எங்களில் ஒருவரும் "சாப்பிட்டீர்களா?" என்பதற்கு மேல் பேசியதில்லை. ஒரு நாள் இலை எடுக்கும்போது, பெரியவன் எந்த ஸ்கூல் என்று கேட்டேன். ஸ்கூலுக்குப் போகவில்லை, சாயாக்கடையில் கிளாஸ் கழுவுகிறான் என்றாள். ஏன் என்று கேட்கக் கேட்க, கடைசியில் அட்டையில் வந்து நின்றது.

நாம் மப்பொந்தின் என்கிறோமே, அந்த அடையாள அட்டை அவளிடம் இல்லை. அப்பா வைத்திருந்தது பழைய மூன்று மடிப்பு அட்டை. அதுவும் ஒரு தீ விபத்தில் போய்விட்டது. அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, நல்ல வேலை இல்லை, வெளியூர் போனால் வழியில் எங்கே இறக்கிவிடுவார்களோ என்ற பயம். 10 வயதில் பிள்ளை முதல் அட்டை எடுக்க வேண்டும். தாயிடம் இல்லாதபோது பிள்ளைக்கு எதைக் காட்டுவது? 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிற அட்டைகள். நம் தமிழ் ஆட்களில் 1948 ஜனவரி 4-க்கு முன்பிருந்தே குடும்பம் இங்கே இருந்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டியவர்கள் அநேகம். பாட்டன் இங்கேயே செத்து இங்கேயே எரிந்திருப்பார். காகிதம்தான் இருக்காது.

அவளுக்குக் குடும்பப் பட்டியல் இருந்தது, ஆஸ்பத்திரிப் பிறப்புச் சீட்டும் இருந்தது. ஆனால் பர்மிய எழுத்தில் பெயர் ஒன்றில் சலோன் என்ற எழுத்துப் போட்டும் மற்றதில் சலேன் என்ற எழுத்துப் போட்டும் இருந்தது. வாயால் சொன்னால் ஒரே பெயர் மாதிரிதான் காதில் விழும், காகிதத்தில் இரண்டு ஆள். போதாததற்கு வீட்டில் அவள் முனியம்மா. வார்டு பெரியவரிடம் சிபாரிசுக் கடிதம், சத்தியக் கடிதம், இரண்டு சாட்சிகள் என்று ஐந்து தரம் நடந்தோம். ஒரு ஆபீஸில் மூன்று மணி நேரம் காக்க வைத்து, "படம் பின்னணி நிறம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். போகிற நாளெல்லாம் அவளுக்கு வியாபாரம் போச்சு. 2018-இல் வைத்த குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800 கியாட். கூடைக்காரிக்கு அதைக் கொடுக்கவும் ஆள் கிடையாது.

மூன்றாம் தரம் "எனக்கு அட்டையே வேண்டாம் டீச்சர்" என்றுவிட்டாள். அப்போது உன்னைப் போல அன்னதானத்தில் வாளி தூக்குகிற ஒருவன், செல்போன் கடையில் வேலை பார்ப்பவன், "நீங்க போங்கக்கா, கூடையை நான் எடுத்துப் போறேன்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கூவ வெட்கம், குரல் வரவில்லை. பால் டப்பாவால் அளக்கும்போது கோபுரமாகக் குவித்துக் கொடுத்ததில் எட்டு மணிக்கே சரக்கு தீர்ந்து, காசு முக்கால்வாசிதான் வந்தது. குறைந்த காசை அவன் போட்டான். அவள் வாய் திட்டியது, முகம் அப்படி இல்லை. நம் பிள்ளைகள் பரஹிதம், பரஹிதம் (பிறர் நலம்) என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தது அந்தக் கூடையில்தான்.

அட்டை கிடைக்க பதினான்கு மாதம் ஆயிற்று. சின்னவன் இப்போது ஸ்கூலுக்குப் போகிறான். பெரியவன் போகவில்லை. சாயாக்கடையில் அவன் மாஸ்டர் ஆகப்போகிறானாம், ஏழாம் வகுப்புப் பையன்களோடு உட்கார வெட்கமாக இருக்கிறதாம். இரண்டு வருஷம் முன்பே கேட்டிருக்கலாம்.

அந்த எட்டு மாதச் சோறு இல்லாவிட்டால் அவள் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டாள். இதை உன் நண்பனிடம் சொல். வருகிற ஞாயிறு அவனையும் கூட்டிப் போ. இலை எடுத்த பிறகு மண்டபத்து ஓரத்தில் ஒரு மேசை போடுங்கள். கருப்பு மை பேனா நாலைந்து, ஸ்டேப்ளர், வெள்ளைத்தாள் போதும். யாரையும் அட்டை இருக்கிறதா என்று எடுத்த எடுப்பில் கேட்காதே, பயந்து போவார்கள். பிள்ளை எங்கே படிக்கிறான் என்று கேள். பெயர் எழுதும்போது பழைய காகிதத்தைக் கையில் வாங்கி, சலோனா சலேனா என்று விரல் வைத்துப் பார். உன் நண்பனுக்குப் பர்மிய எழுத்து நன்றாக வரும் என்றால் பேனாவை அவன் கையில் கொடு.