தரைக்குள் போகும் பணமும் சுவரில் தொங்கும் பணமும்: மூன்று கொட்டேஷனில் எதை எடுப்பது?

கேள்வி: வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதுத் தரை போடப் போகிறோம். அதோடு சேர்த்து, தரைக்கடியில் பைப் பதித்துச் சுடுதண்ணீர் ஓடவிடும் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்கும் போட்டுவிடலாம் என்று யோசனை. மூன்று கொட்டேஷன் வந்திருக்கின்றன, விவரங்களை இணைத்திருக்கிறேன். மலிவானது 100 என்று வைத்தால் அடுத்தது 125, மூன்றாவது 160. இப்போது தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் பாய்லரும், அந்தச் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர் ரேடியேட்டரும் இருக்கின்றன. ஐந்தாறு வருடத்தில் ஹீட் பம்புக்கு (வெளிக்காற்றிலோ நிலத்திலோ இருக்கும் சூட்டை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) மாறும் எண்ணம் உண்டு. நடுவில் உள்ளதை எடுத்தாலே சேமிப்பில் முக்கால்வாசி போய்விடும். கடன் வாங்கலாமா, மலிவானதோடு நிறுத்தலாமா, இல்லை யோசனையையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். எப்படியும் தரையைப் பெயர்க்கப் போகிறீர்கள், அதுதான் இதில் பெரிய விஷயம். நன்றாக இருக்கிற தரையை இதற்காகவே உடைக்கப் போவதாகச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று எழுதியிருப்பேன். உடைப்பதற்கும் திரும்பப் போடுவதற்கும் ஆகும் செலவை எரிபொருள் மிச்சம் ஈடுகட்டுவது கஷ்டம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய பாய்லரையே வைத்துக்கொண்டால் பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உண்மையான லாபம் ஹீட் பம்ப் வரும்போதுதான் தெரியும்.

காரணம் தண்ணீரின் வெப்பநிலை. ரேடியேட்டருக்கு வழக்கமாக 60, 70 டிகிரியில் தண்ணீர் போகும். தரை முழுவதுமே சூடு கொடுப்பதால் அங்கே 35 முதல் 45 டிகிரி போதும். ஹீட் பம்ப் அனுப்பும் தண்ணீரில் ஒரு டிகிரி குறைந்தால் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அதனால் எந்த சிஸ்டம் எத்தனை டிகிரி தண்ணீரில் வீட்டைச் சூடாக்கும் என்பதைத்தான் கொட்டேஷனில் முதலில் தேட வேண்டும், அடியில் இருக்கும் மொத்தத் தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணோடு உங்கள் மூன்றையும் படித்தேன். மலிவானதில் பைப்புக்கும் பைப்புக்கும் இடைவெளி 300 மி.மீ., கீழே மெல்லிய இன்சுலேஷன் (சூடு கீழே இறங்காமல் தடுக்கும் அடுக்கு), எந்த அறைக்கு எவ்வளவு சூடு தேவை என்ற கணக்கே இல்லை. இரண்டாவதில் 150 மி.மீ. இடைவெளி, தடித்த இன்சுலேஷன், அறை வாரியாக வெப்ப இழப்புக் கணக்கு. மூன்றாவதிலும் அதே பைப், அதே இடைவெளி, அதே இன்சுலேஷன்தான். கூடுதல் 35-ம் ஒவ்வொரு அறைக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி), ஆப், பெரிய கன்ட்ரோல் பெட்டி என்று போகிறது. அதாவது 100-க்கும் 125-க்கும் உள்ள வித்தியாசம் தரைக்குள் இருக்கிறது, 125-க்கும் 160-க்கும் உள்ள வித்தியாசம் சுவரில் இருக்கிறது. சுவரில் இருப்பதை எந்த வருடமும் மாற்றலாம். தரைக்குள் போனதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். ஆகவே இரண்டாவதை எடுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலிவானதில் அப்படி என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பைப் தள்ளித் தள்ளி இருந்தால் அதே சூட்டுக்குத் தண்ணீரை இன்னும் சூடாக அனுப்ப வேண்டும். வெறும் 8 டிகிரி கூடினாலே, மேலே சொன்ன கணக்குப்படி, ஹீட் பம்பின் மின்செலவு 16 முதல் 24 சதவீதம் வரை ஏறும், அதுவும் அந்தத் தரை இருக்கும்வரை ஒவ்வொரு குளிர்காலத்திலும். கீழ்த்தளம் என்பதால் இன்சுலேஷன் மெலிந்தால் நீங்கள் காசு கொடுத்த சூடு மண்ணுக்குள் இறங்கும். இன்று மிச்சமாகும் 25 அப்படித்தான் போய்ச்சேரும்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டாவது கான்ட்ராக்டரிடம் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி, அதற்குள் ஒரு சதுர மீட்டர் தரையால் தர முடிவது ஏறத்தாழ 100 வாட்தான். பெரிய கண்ணாடிச் சுவர் உள்ள அறைக்கு அது போதுமா என்று அவர் கணக்கில் காட்ட வேண்டும், போதாது என்றால் அங்கே ஒரு ரேடியேட்டர் இருந்துவிட்டுப் போகட்டும். பைப்பில் ஆக்ஸிஜன் தடுப்பு அடுக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஊறி உள்ளே போய் பாய்லரின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். 16 மி.மீ. பைப் என்றால் ஒரு சுற்று சுமார் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தரைக்குள் எங்கேயும் ஜாயின்ட் கூடாது. நிலையான சமையலறை அலமாரிக்கு அடியில் பைப் ஓட்டுவது வீண். கீழ்த்தளத்துக்கு மேல் போகவே வேண்டாம், மாடி அறைகளில் ரேடியேட்டரே இருக்கட்டும்.

முக்கியமாக உயரத்தைக் கேளுங்கள். பைப்பை மூடும் சிமென்ட் ஸ்கிரீட் மட்டுமே 65 முதல் 75 மி.மீ. வரை வரும், அதற்குக் கீழே இன்சுலேஷன், மேலே டைல்ஸ். கீழே தோண்டாவிட்டால் எல்லாக் கதவையும் அறுக்க வேண்டும், மாடிப்படியின் முதல் படி மற்ற படிகளைவிடக் குட்டையாகிவிடும். தோண்டினால் அது தனிச் செலவு. உங்கள் மூன்று கொட்டேஷனிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான், அதனால் 125-க்கு மேல் இன்னொரு 15 ஒதுக்கி வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சரி, பணம் எங்கிருந்து? ஆறு மாத வீட்டுச் செலவு சேமிப்பில் இருக்க வேண்டும், அதைத் தொட நான் சம்மதிக்க மாட்டேன். அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது தெர்மோஸ்டாட்டையும் டைல்ஸின் ரகத்தையும்தான், இன்சுலேஷனை இல்லை. அதற்கும் பிறகு துண்டு விழுந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் கடன் வாங்கி இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். மொத்தத்தையும் தனிநபர் கடனில் போடாதீர்கள்: ஒரு வருட வட்டி, ஒரு வருட எரிபொருள் மிச்சத்தைவிட அதிகம் என்றால் அந்தக் கடன் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளவே செய்யாது, ஹீட் பம்ப் வரும்வரை உங்கள் நிலை அதுதான். மானியம் கிடைக்கும் இடமாக இருந்தால், வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை இப்போதே விசாரியுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டாவது தவணை, ஸ்கிரீட் ஊற்றும் முன் பைப்பில் அழுத்தச் சோதனை செய்து காட்டிய பிறகுதான். அன்றைக்கே அளவு டேப்பை நீட்டிவைத்து ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துவிடுங்கள், பின்னால் யாராவது டிரில் போடும்போது பைப்பைக் காப்பாற்றப் போவது அந்தப் படம்தான். சிமென்ட் ஸ்கிரீட் ஊற்றி 21 நாள் கழியும்வரை சூடு ஏற்றக்கூடாது, சீக்கிரம் காயட்டும் என்று அவசரப்பட்டால் விரிசல் விடும். அதன் பிறகு முதல் மூன்று நாள் 20 முதல் 25 டிகிரி தண்ணீர், அடுத்த நான்கு நாள் முழு வெப்பநிலை. அந்த ஒரு வாரமும் எல்லா அறையும் ஒழுங்காகச் சூடாகிறதா என்று கூடவே நின்று பார்த்துவிட்டு, கடைசித் தவணையைக் கொடுங்கள்.