அப்பாட நோவுக் குளிசையும் பிறஷர் குளிசையும்

கேள்வி: டொக்டர், அப்பாக்கு 61 வயசு, வெல்லாவெளிப் பக்கம் வெள்ளாமை செய்றார். நாரி நோவும் முழங்கால் நோவும் கூடினதால பாமசியில கேட்டு வாங்கின டைக்ளோபினாக் 50ஐ வெட்டுத் தொடங்கின நாள்ல இருந்து காலையும் இரவும் போடுறார், இப்ப ஒண்டரை மாசமாகுது. பிறஷருக்கு கிளினிக்ல லொசார்டனும் ஒரு தண்ணிக் குளிசையும் குடுத்திரிக்காங்க. “சோத்துக்குப் பிறகுதானே போடுறன், ஒண்டும் செய்யாது” எண்டு சொல்றார். உண்மையா? (வாசகி, வெல்லாவெளி)

பதில்: தங்கச்சி, லொசார்டன், தண்ணிக் குளிசை எண்டு நீங்க எழுதின இடத்திலதான் எனக்குப் பயம் வந்தது. முதல் அப்பாட சோத்துக் கதையப் பாப்பம். சாப்பிட்டுப் போட்டா வயித்து எரிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், ஏனெண்டா இந்த மருந்து ரத்தத்தில கலந்த பிறகுதான் முக்கியமான சேதத்தச் செய்யுது, அதால ஊசியாப் போட்டாலும் அதே கதைதான். நம்மட உடம்பு புரொஸ்டாகிளாண்டின் எண்டு ஒரு சாமானச் சுரக்குது, நோவையும் வீக்கத்தையும் எழுப்புறது அது, இரைப்பையிட உள்சவ்வக் காக்கிறதும் சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாய விரிச்சு வச்சிரிக்கிறதும் அதேதான். டைக்ளோபினாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட் எல்லாம் அதுட சுரப்பக் குறைக்கிற ஒரே குடும்பம், பேர்தான் வேற வேற.

இப்ப அப்பாவ நினைச்சுப் பாருங்க. வட்டைக்குள்ள வெயில்ல நிண்டு வேர்த்து உடம்பில தண்ணி குறையக்குள்ள தண்ணிக் குளிசை இன்னும் கொஞ்சத்த வெளியேத்துது, லொசார்டன் சிறுநீரகத்தில ரத்தம் வடிபடுற அமுக்கத்தக் குறைக்குது, நோவுக் குளிசை உள்ள வாற குழாயச் சுருக்குது, இந்த மூண்டும் ஒரே ஆள்ல சேர்ந்தா சிறுநீரகம் திடீரெண்டு படுத்திரும். அது நோகாது, அதால ஆளுக்குத் தெரியவும் மாட்டாது, கால் வீங்கி மூத்திரம் குறைஞ்ச பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வாறாங்க. இந்த நோவுக் குளிசை பிறஷரையும் ஏத்தும். கிளினிக்ல இத அப்பா சொல்லாட்டி அவங்க பிறஷர் குளிசையிட அளவக் கூட்டிருவாங்க.

அதால டைக்ளோபினாக்க இண்டைக்கே நிப்பாட்டுங்க, பிறஷர் மருந்த மட்டும் நீங்களா நிப்பாட்டாதீங்க. இந்தக் கிழமைக்குள்ள கிளினிக்குக் கூட்டிப் போய் சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்க. போகக்குள்ள அப்பா போடுற எல்லாக் குளிசையையும், பேர் எழுதாத கடதாசி உறையில இரிக்கிறதையும் சேர்த்து, கையில கொண்டு போங்க. மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போனா உடனே ஆஸ்பத்திரிதான், வயசான ஆக்களுக்கு வயித்து நோவே இல்லாமலும் இரைப்பைப் புண்ணில இருந்து ரத்தம் போகும். வயித்து அமிலத்தக் குறைக்கிற ஒமிப்ரசோல் போட்டா இரைப்பைக்குக் காவல், சிறுநீரகத்துக்கு இல்ல.

நோவுக்கு என்ன செய்றது எண்டு கேப்பீங்க. ஈரல் வருத்தம் இல்லாட்டி பனடோல் 500 ஒரு நேரத்துக்கு ரெண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகவே கூடாது. முழங்காலுக்கு மேல பூசுற ஜெல் இரிக்கி, அதில ரத்தத்துக்குப் போற அளவு மிச்சம் குறைவு, எண்டாலும் அப்பாட சிறுநீரகம் எப்பிடி எண்டு தெரிஞ்ச பிறகு கேட்டுப் பூசுங்க. இந்தக் குடும்பத்துக் குளிசை கெட்ட மருந்து எண்டு நான் சொல்லல்ல, கால் மடங்கி வீங்கினா, மாதவிடாய் நோவுக்கு, மூட்டுவாதத்துக்கு அது நல்லா வேலை செய்யும், சிறுநீரகம் நல்லா இரிக்கிற ஆள் சில நாளைக்குப் போடலாம். மாசக் கணக்கா எண்டா டொக்டர்ட கண்ணுக்குள்ள இரிக்கணும். கர்ப்பிணிப் பிள்ளைகளும் கேக்காமப் போடக் கூடாது.

கேள்வி: மகனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், பனடோல் சிரப்புக்கு இறங்குதில்ல. இபுபுரோபன் குடுக்கலாமா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: குடுக்காதீங்க தம்பி. மாரி காலத்தில காய்ச்சல் எண்டா டெங்கு இல்ல எண்டு தெரியும் வரைக்கும் இபுபுரோபன், அஸ்பிரின், பின்பக்கம் வைக்கிற டைக்ளோபினாக் ஒண்டும் வேணாம், டெங்கில ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் குறையக்குள்ள இதுகள் ரத்தக் கசிவக் கூட்டிரும். பனடோல் பிள்ளைட நிறைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, காய்ச்சல் இறங்கல எண்டு அளவக் கூட்டவும் கூடாது, வெதுவெதுப்பான தண்ணியால துடைச்சு விடுங்க, ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. நாளைக்கு மூண்டாம் நாள், காலையிலேயே ரத்தப் பரிசோதனை எடுத்திருங்க. வயித்து நோவு, சத்தி, கை கால் குளிர்றது இதில ஒண்டு வந்தாலும் ராவெண்டு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.