பிரதர் மேல் புகார்: தேவாலயத்திடம் சொன்னால் போதுமா, போலீசுக்கும் போகவேண்டுமா?

வாசகி ஒருவரின் கேள்வி இது: "என் தம்பிக்கு இப்போது 33 வயது. 2005இல், அவனுக்கு 13 வயதாக இருந்தபோது, மறைக்கல்விக்குப் பிறகு நடக்கும் இளையர் குழுவில் துறவற சபை பிரதர் ஒருவர் பல மாதங்கள் அவனிடம் தகாத முறையில் நடந்திருக்கிறார். இத்தனை வருடம் யாரிடமும் வாய் திறக்காதவன், போன மாதம்தான் என்னிடம் சொன்னான். பங்குச் சாமியாரிடம் சொல்லி அதோடு விட்டுவிடலாம் என்கிறார் அம்மா. எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சபையிடம் தானே பேசி நல்ல தொகை வாங்கித் தருவதாகவும், அதுவரை போலீசுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்கிறார். 20 வருடம் ஆகிவிட்டதே, போலீசுக்குப் போக இனி முடியுமா?"

முடியும். சிங்கப்பூரில் குற்றத்தை விசாரித்து வழக்குத் தொடுக்கக் காலவரம்பு கிடையாது. 2022 மே மாதம் கத்தோலிக்கத் துறவற சபை உறுப்பினர் ஒருவருக்கு இங்கே 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பதின்ம வயதுப் பையன்கள் இருவரிடம் 2005க்கும் 2007க்கும் இடையில் அவர் செய்த குற்றங்களுக்கான தண்டனை அது. உங்கள் தம்பியின் காலமும் அதேதான். நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் குற்றச்சாட்டு பதிவாகும். 2008 பிப்ரவரியிலும் 2020 ஜனவரியிலும் தண்டனைச் சட்டம் பெரிய அளவில் மாறியதால், இன்று படிக்கும் பிரிவுகளும் தண்டனைகளும் உங்கள் தம்பியின் வழக்குக்கு அப்படியே பொருந்தாது. எந்தப் பிரிவு என்று இணையத்தில் தேடிக் குழம்பவேண்டாம். அதை முடிவு செய்வது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் வேலை.

அம்மா சொல்லும் வழியைப் பார்ப்போம். சாமியாரிடம் சொல்வதில் தவறில்லை. ஆனால் அது போலீஸ் புகார் ஆகாது. சாமியாரிடம் இரகசியமாகப் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் அது புகாரே அல்ல. அங்கே கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்ல முடியாது, ஆயரிடம்கூடச் சொல்ல முடியாது. "நான் அப்பவே சாமியாரிடம் சொல்லிவிட்டேனே" என்று பல ஆண்டுகள் காத்திருந்து, கடைசியில் எந்தக் கோப்பிலும் ஒரு வரிகூட இல்லை என்று தெரிந்து உடைந்துபோகிறவர்கள் உண்டு. சொல்வதானால் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, எழுத்தில், தேதியிட்டுச் சொல்லுங்கள். நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

பங்கு ஆலயங்களுக்கு மேலே இருக்கும் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் இத்தகைய புகார்களுக்கென்றே 'புரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் ஆபிஸ்' என்ற அலுவலகம் உண்டு. அங்கே புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்: அந்த மனிதர் இன்றும் பிள்ளைகள் நடுவே வேலை செய்கிறாரா என்ற கேள்விக்கு உடனே பதில் வாங்கக்கூடிய இடம் அதுதான். ஆனால் தேவாலயச் சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதர் என்பவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். எனவே சாமியார்களுக்கான விசாரணை வழி அவருக்குப் பொருந்தாது. விஷயம் அவருடைய சபைத் தலைவரிடமும், ரோமில் துறவற சபைகளைக் கவனிக்கும் பேராயத்திடமும் போகும். அதிகபட்சம் சபையிலிருந்து நீக்குவார்கள். சிறைக்கு அனுப்பவோ உங்கள் தம்பிக்கு இழப்பீடு தரவைக்கவோ அந்த வழியால் முடியாது.

"ரோமாபுரி இரகசியம், வெளியே பேசக்கூடாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தகைய வழக்குகளுக்கு இருந்த பாப்பரசரின் இரகசியக் கட்டுப்பாட்டை அன்றைய பாப்பரசர் பிரான்சிஸ் 2019 டிசம்பரில் நீக்கிவிட்டார். அதே ஆண்டு வெளியாகி 2023இல் நிரந்தரமாக்கப்பட்ட 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்ற ஆணை, புகார் கொடுத்தவரை மௌனமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

2022 வழக்கை நினைத்தால் கோபம்தான் வருகிறது. சபைக்குள் விஷயம் தெரிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது போலீசை எட்டியது. உள்ளே விசாரிப்போம், மனநல ஆலோசனைக்கு அனுப்புவோம், வெளிநாட்டுக்கு மாற்றுவோம் என்று நிறுவனங்கள் நாள் கடத்தும். உங்கள் குடும்பம் அதற்குத் துணைபோக வேண்டியதில்லை. அதனால் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் போலீஸ், பிறகு தேவாலய அலுவலகம். முடிந்தால் இரண்டும் ஒரே வாரத்தில்.

இனி அந்தப் பெரியவர். இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தருவது அவர்தான்.

நடந்த தீங்குக்கு இழப்பீடு கேட்டுப் பேசுவது சட்டப்படி சரியே. "போலீசுக்குப் போகாமல் இருந்தால் பணம்" என்பது வேறு. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றப் பணம் வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 213ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவரின் குடும்பமே வாங்கினாலும் அது குற்றம்தான். அதைவிட மோசமான ஆபத்தும் இருக்கிறது. பெரியவர் உங்கள் சார்பில் சபைக்கு வாட்ஸ்அப்பில் "பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவோம்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்ததாகப் புகார் உங்கள் தம்பி மேலேயே திரும்பலாம். அவருடைய வழக்கை முறியடிக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரியே போதும். தம்பியின் பெயரில் யாரிடமும் பேசவேண்டாம் என்று பெரியவரிடம் இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சதவீதம் கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் விலகி நில்லுங்கள். இதுபோன்ற வழக்கில், வரும் தொகையில் இவ்வளவு பங்கு என்று கட்டணம் பேச சிங்கப்பூரில் வழக்கறிஞருக்கே அனுமதி இல்லை. வழக்கறிஞராக இல்லாத ஒருவர் 'கேஸ் பார்த்துத் தருகிறேன்' என்றால் அதுவே சட்டவிரோதம். வழக்கறிஞர் என்று சொல்பவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கட்டணம் எவ்வளவு, எந்த வேலைக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

போலீஸ் புகாருக்கு வழக்கறிஞர் தேவையே இல்லை, ஒரு காசும் செலவில்லை. குற்ற வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு. உங்கள் தம்பி சாட்சி மட்டுமே. (குற்றவியல் சட்ட உதவித் திட்டம் என்று ஒன்று உண்டு. அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கானது, அங்கே போய் நிற்கவேண்டாம்.) எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கேட்கத் தயங்கி அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், ஒரு வார்த்தை தவறியது பின்னால் நீதிமன்றத்தில் முரண்பாடு என்று பெரிதாக்கப்படும். வாசித்துக் காட்டும்போது நிதானமாகக் கேட்டு, தவறிருந்தால் திருத்தி, அதன்பின் கையெழுத்துப் போடட்டும்.

20 ஆண்டு பழைய விஷயத்தில் மருத்துவத் தடயம் இருக்காது. அதனால் வழக்கு நிற்காது என்று பயப்படவேண்டாம். தேதிதான் பலவீனமான இடம். "2005 மார்ச் 12" என்று யாருக்கும் நினைவிருக்காது. நினைவிருப்பதுபோல் சொல்வதுதான் ஆபத்து. தம்பி தெரிந்த நிகழ்வுகளோடு காலத்தைக் கட்டிச் சொல்லட்டும்: தொடக்கநிலை இறுதித் தேர்வுக்கு அடுத்த வருடம், உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குக்கு முன்பு, டிசம்பர் முகாமுக்குப் பிறகு. உறுதிபூசுதல் சான்றிதழ், முகாம் படங்கள், பீடச் சிறுவர் பணிப் பட்டியல், பள்ளி அறிக்கைப் புத்தகம், அந்த ஆண்டு கிளினிக் சீட்டு, பழைய நாட்குறிப்பு என்று எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். உங்களிடம் அவர் சொன்ன நாள், அப்போது பயன்படுத்திய வார்த்தைகள் ஆகியவற்றை நீங்கள் தனியாக எழுதி வையுங்கள். அவரிடம் காட்டவேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். குடும்பமே உட்கார்ந்து கதையைச் 'சரிபார்த்தால்' சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார்கள். கைப்பேசியில் செய்திகள் இருந்தால் படம்பிடித்தால் மட்டும் போதாது, கைப்பேசியையே பத்திரமாக வையுங்கள். அந்த பிரதரை அழைத்துப் பேசி ஒலிப்பதிவு செய்யும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அவர் எச்சரிக்கையாகிவிடுவார். ஃபேஸ்புக்கில் பெயர் போடுவதும் வேண்டாம்.

பெயர் வெளியாகுமோ என்ற பயம் உங்கள் தம்பிக்கு இருக்கும். பாலியல் குற்றத்தில் புகார் கொடுத்த நேரத்திலிருந்தே பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை செய்கிறது. நீதிமன்றத்தில் மூடிய அறையில், திரைக்குப் பின்னால் சாட்சி சொல்லவும் வழி உண்டு. ஆனால் ஒன்றை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்: புகார் கொடுத்த பிறகு 'வாபஸ்' வாங்குவது அவர் கையில் இல்லை. வழக்குத் தொடுப்பதா, எச்சரிக்கையோடு விடுவதா, மேல்நடவடிக்கை இல்லையா என்பதை அரசுத் தரப்பு முடிவு செய்யும். சம்பவம் மலேசியாவில் நடந்த முகாமில் என்றால் அங்குள்ள போலீசிலும் புகார் வேண்டும்.

இழப்பீட்டுக்கு வருவோம். குற்றம் நிரூபணமானால், இழப்பீட்டு உத்தரவு இடலாமா என்று நீதிமன்றம் கட்டாயம் பரிசீலிக்கும். தனி வழக்கு வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் அந்த உத்தரவு குற்றவாளி மேல்தான் வரும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த பிரதரின் கையில் என்ன இருக்கும்? சபை தானாக முன்வந்து கொடுத்தால்தான் உண்டு.

சபை மீது சிவில் வழக்குப் போடலாமா? போடலாம், ஆனால் காலவரம்பு குறுக்கே நிற்கிறது. உடல், மனப் பாதிப்புக்கான வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. சிறுவனாக இருந்த காலத்தைக் கழித்தாலும் உங்கள் தம்பியின் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பாதிப்பையும் அதன் காரணத்தையும் அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்ற சலுகை உண்டு. அதற்கு மேலே 15 ஆண்டு உச்சவரம்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் பாதிக்கப்பட்டவர் பேசத் தொடங்கவே இருபது, முப்பது ஆண்டு ஆகும் என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2015இல் விக்டோரியா தொடங்கி ஒவ்வொன்றாக இந்த வரம்பையே நீக்கிவிட்டன. இங்கே இன்னும் விபத்து வழக்குக்கும் இதற்கும் ஒரே கடிகாரம். இது நியாயமே இல்லை.

ஒரு கதவு மட்டும் முழுதாக மூடவில்லை. காலவரம்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு மோசடியாக உண்மையை மறைத்திருந்தால், அந்த மறைப்பு தெரியவரும் வரை, அல்லது நியாயமான கவனத்தோடு தேடினால் தெரிந்திருக்கக்கூடிய நாள் வரை, கடிகாரம் ஓடாது. இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். பிரதர் செய்தது உங்கள் தம்பிக்கு அன்றே தெரியும். அதை யாரும் அவரிடமிருந்து மறைக்கவில்லை, எனவே அந்தச் செயலுக்கு 29 உதவாது. சபைக்கு 2005க்கு முன்பே இவரைப் பற்றிப் புகார் வந்திருந்து, தெரிந்தே பிள்ளைகளிடம் அனுப்பி, கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லியிருந்தால், அது சபையின் சொந்தத் தவறு. அந்தத் தவறு உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வாதிட இடம் இருப்பது அங்கேதான். சபை வெறுமனே மௌனமாக இருந்தது என்று காட்டினால் போதாது. திடீர் இடமாற்றம், முன்னொரு குடும்பத்துக்கு எழுதிய பதில் கடிதம், ஆலோசனைக்கு அனுப்பிய பதிவு போன்ற காகிதம் வேண்டும். போலீஸ் விசாரணையில் இவை வெளிவர வாய்ப்புண்டு. வெளிவந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். குற்ற வழக்கு நடப்பதால் அது நிற்காது. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து இந்த வாய்ப்பையும் இழக்கிறவர்கள் அதிகம்.

அப்படி வழக்குப் போட்டால் யார் மேல் போடுவது என்பதிலும் தவறுகிறார்கள். பங்கு ஆலயத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது. உயர்மறைமாவட்டச் சொத்துகள் பேராயர் என்ற பதவியின் பெயரில் இருக்கின்றன. துறவற சபைகள் அதிலிருந்து தனி. அறநிறுவனங்களின் இணையவாசலில் சபையின் பதிவுப் பெயரையும் எண்ணையும் இலவசமாகப் பார்க்கலாம். பிரதர் சம்பளக்காரர் இல்லை, எனவே சபை பொறுப்பல்ல என்ற வாதம் இன்று எடுபடாது. இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2012இல் கத்தோலிக்க பிரதர்கள் வழக்கிலேயே, வேலைக்கு நிகரான உறவு இருந்தால் சபையும் பொறுப்பு என்றது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அந்தக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது.

சபை தானாகவே தம்பியின் மனநல ஆலோசனைச் செலவு தர முன்வந்தால் வாங்கலாம். கூடவே நீட்டும் தாளில் 'முழுமையும் இறுதியுமான தீர்வு' என்றோ, யாரிடமும் பேசமாட்டேன் என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்கும்வரை கையெழுத்து வேண்டாம். போலீசிடம் பேசக்கூடாது என்று எந்த ஒப்பந்தமும் தடுக்க முடியாது.

தம்பி இன்னும் தயாராக இல்லை என்றால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் உண்டு. 'அவேர்' அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையத்தில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

இப்போது விஷயம் தெரிந்தவர் நீங்களும்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 424ஆம் பிரிவின்படி, கடுமையான பாலியல் குற்றங்களை அறிந்தவர் நியாயமான காரணம் இல்லாமல் போலீசுக்குச் சொல்லாமல் இருக்கக்கூடாது. பாதிக்கப்பட்ட தம்பியின் மனநிலை ஒரு காரணமாகலாம், பெரியவரின் பேரம் காரணமாகாது. அந்த பிரதர் இன்றும் மறைக்கல்வி வகுப்பிலோ விடுதியிலோ பிள்ளைகளோடு இருக்கிறார் என்று தெரிந்தால், தம்பி தயாராகும் வரை காத்திருக்கவேண்டாம். அவரிடம் சொல்லிவிட்டு, நீங்களே போய்ப் புகார் கொடுங்கள்.