பழைய சலவை இயந்திரம்: விற்பவர் சொல்லும் வயதும் தகடு சொல்லும் வயதும்

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் சாமான்களை மொத்தமாக விற்கிறார்கள். அவற்றுள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சலவை இயந்திரம் ஒன்று, முற்றிய நெற்கதிரின் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. "1965-ஆம் ஆண்டு மாடல், நன்றாக ஓடுகிறது" என்று சொல்லி 400 டாலர் கேட்கிறார்கள். வரிசை எண் 'எல்', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குகிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். 'ஹார்வெஸ்ட் கோல்டு' எனப்படும் அந்த மஞ்சள், அமெரிக்கச் சமையலறைகளுக்கு 1960-களின் கடைசியில்தான் வந்தது என்பதால், 1965 என்ற பேச்சு அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மேலும் இந்நிறுவனம் வரிசை எண்ணின் முதல் எழுத்தில் மாதத்தையும் இரண்டாம் எழுத்தில் ஆண்டையும் குறிக்கிறது. 'எல்' ஜூன் மாதம்; 'எச்' 1981. ஆனால் ஆண்டுக்கான எழுத்துகள் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அதே 'எச்' 1993-ஐயும் 2005-ஐயும் குறிக்கக்கூடும். அந்த ஆண்டுகளில் இந்த மஞ்சள் வழக்கொழிந்துவிட்டதால், உங்கள் இயந்திரம் 1981 ஜூனில் செய்யப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். பிற்காலத்தில் யாரேனும் வண்ணம் பூசியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும். மூடியைத் தூக்கி உள்விளிம்பில் வேறு நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எழுத்துக் குறியீடு இல்லாத அல்லது தகட்டில் வரிசை எண் தேய்ந்துபோன இயந்திரமாக இருந்தால், காப்புரிமை எண்கள் கைகொடுக்கும். அமெரிக்கக் காப்புரிமை வரிசையில் இருபது இலட்சமாவது எண் 1935-லும், முப்பது இலட்சமாவது எண் 1961-லும், நாற்பது இலட்சமாவது எண் 1976 டிசம்பரிலும் வழங்கப்பட்டன. ஆகவே தகட்டில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட எண் ஒன்று இருந்தாலும், அந்த இயந்திரம் 1961-க்கு முந்தியதாக இருக்க முடியாது. நிறுவன முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு அச்சாகியிருந்தால், அது 1963-க்குப் பிந்தியது. இவை எல்லாம் கீழ் எல்லையை மட்டுமே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய காப்புரிமை எண்ணைப் பல ஆண்டுகள் அப்படியே அச்சிட்டுக்கொண்டிருப்பது நிறுவனங்களின் வழக்கம்.

வயதைவிட விலையை நிர்ணயிக்க வேண்டியது தொட்டியும் கியர் பெட்டியும்தான். பெல்ட், தண்ணீர்க் குழாய், பம்பு போன்றவற்றை இன்றும் தேடிப் பிடித்துவிடலாம். டைமர் கெட்டிருந்தால் வேறொரு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிப் பொருத்தலாம். பீங்கான் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த தொட்டிக்கு அப்படி எளிதில் மாற்றுக் கிடைக்காது. வெள்ளைத் துணியெல்லாம் காவிக்கறை படிந்து வெளிவரும். எனவே தொட்டிக்குள் கையை விட்டு, அடிப்பகுதி முழுவதையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தொட்டியைக் கையால் சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். இயந்திரத்தைச் சற்று நகர்த்தி, தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு தண்ணீர் இணைத்து ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்விளக்கு எரிவதையும் மோட்டார் உறுமுவதையும் காட்டிவிட்டு "ஓடுகிறது" என்பவர்களே அதிகம். இது 'ஃபில்டர் ஃப்ளோ' வகையாக இருந்தால், துவைக்கும்போது தண்ணீர் மேலேறி, தொட்டியின் நடுவில் நின்று துணியைக் கலக்கும் அஜிடேட்டரின் தலையில் உள்ள துளைத் தட்டின் மீது அருவிபோல் இடைவிடாமல் விழ வேண்டும். பஞ்சை வடிகட்டுவது அந்தத் தட்டுதான். (அந்தக் காட்சிக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன்.) வெறும் சொட்டாக விழுந்தால் பம்பையோ குழாயையோ சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் 100 டாலர் சொல்லிப் பாருங்கள். விற்பனை முடியும் நாளில் மீந்த இயந்திரத்தை அப்புறப்படுத்த அவர்களே ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், பேரத்தில் உங்கள் கை ஓங்கியே இருக்கும். இத்தகைய விற்பனைகளில் பொருளை 'உள்ளது உள்ளபடி' தான் விற்பார்கள். வண்டியில் ஏற்றிய பிறகு முறையிட வழியில்லை. ஏற்றும்போது தொட்டி ஆடாமல் அடைகொடுத்து, நிமிர்த்தியே கொண்டு செல்லுங்கள். அந்தக் காலத்து இயந்திரங்கள் ஒரு முறை துவைக்க ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: 1970-களைச் சேர்ந்த கென்மோர் மின் உலர்த்தி ஒன்றை வாங்கினேன். அதன் செருகியில் மூன்று முனைகள். எங்கள் வீட்டுச் சுவரிலோ நான்கு துளைகள். செருகியை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் மின்னிணைப்பு விதிகள் புதிய இணைப்புகளுக்கு நான்கு கம்பிகளைக் கட்டாயமாக்கின. அதற்கு முந்திய உலர்த்திகளில் எர்த்துக்கெனத் தனிக் கம்பி கிடையாது; நியூட்ரல் கம்பியே ஒரு பட்டையால் வெளிக்கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். நியூட்ரலில் எங்காவது விடுபட்டால், தொடுகிற கூடே மின்சாரம் தாங்கும். நான்கு கம்பி வடத்தைப் பொருத்தி, அந்தப் பட்டையைக் கழற்றி, பச்சைக் கம்பியைக் கூட்டோடு இணைக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். பின்புறக் காற்றுக் குழாய் பிளாஸ்டிக்கானால் தூக்கி எறிந்துவிட்டு உலோகக் குழாய் போடுங்கள். உள்ளே படிந்த பஞ்சு தீப்பிடிப்பதற்கு இந்த ஒரு பொருளே போதும்.

உதிரிபாகம் தேடும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். கென்மோர் என்பது சியர்ஸ் கடைகளின் வணிகப் பெயர்; தயாரித்தவர்கள் வேறு. எண் 110 என்று தொடங்கினால் தயாரித்தது வர்ல்பூல், ஆகவே வர்ல்பூல் பெயரிலும் பாகங்களைத் தேடலாம்.

கேள்வி: பிழியும் உருளைகள் கொண்ட மேடாக் இயந்திரம் ஒன்று எங்களிடம் உள்ளது. அடுத்த ஆண்டு கோயம்புத்தூருக்குத் திரும்புகிறோம். மின்மாற்றி வாங்கிக்கொண்டால் அங்கே ஓடுமா?

பதில்: மின்மாற்றி 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்குமே தவிர, நம் ஊரின் 50 ஹெர்ட்சை 60 ஆக்காது. அந்த மோட்டார் மெதுவாகச் சுழலும். அதோடு அளவுக்கு மீறிச் சூடேறும். ஆனால் இந்த வகையில் டைமர் இல்லாததால் வழி எளிது: மோட்டாரையே மாற்றிவிடலாம். அமெரிக்க மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 1,725 சுற்றுகள் என்றால், அதற்கு இணையான நம் ஊர் மோட்டார் 1,440 சுற்றுகள் ஓடும். மோட்டார் பக்கத்துக் கப்பியின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பழைய வேகம் கிடைத்துவிடும். கோவையில் கப்பி கடைந்து தரும் பட்டறைக்கா பஞ்சம்! பழைய மோட்டாரைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

உருளை இருப்பதாலேயே அதை நூற்றாண்டுப் பழமை என்று எண்ணிவிட வேண்டாம். அயோவா மாநிலத்தின் நியூட்டனில் இருந்த மேடாக் நிறுவனம் இந்த வகையை 1983 வரை தயாரித்தது. கப்பல் செலவைக் கணக்கிடுமுன் தகட்டைப் படித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், உருளைகளின் மேலுள்ள விடுவிப்புப் பட்டை. விரலும் முழங்கையும் சிக்கி நசுங்கிய விபத்துகள் அந்நாளில் சாதாரணம். ஓர் ஈரத்துணியை உள்ளே கொடுத்து, பாதி போனதும் பட்டையைத் தட்டுங்கள். உருளைகள் உடனே விலகாவிட்டால், அதைச் சரிசெய்யும் வரை எந்த மோட்டாரையும் இணைக்க வேண்டாம்.