கேள்வி நேரம்: பழைய கடிதங்கள் எங்கே போயின?

15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எதைப் படித்தாலும் பாஸ்டன் என்ற ஒரே குடும்பத்தின் கடிதங்களையே காட்டுகிறார்களே, மற்றவர்கள் கடிதமே எழுதவில்லையா?
– வாசகர், கோவில்பட்டி

எழுதினார்கள் சார், நிறையவே எழுதினார்கள். எடுத்து வைக்கத்தான் யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நிலப் பத்திரம் என்றால் பெட்டியில் போட்டுப் பூட்டுவார்கள். "ஊரில் எல்லோரும் சுகம், துணி வாங்கி அனுப்பு" என்று வந்த கடிதத்தை வாசித்து முடித்த பிறகு அதற்கு என்ன மதிப்பு? அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் எலிக்குப் போகும். கொஞ்சம் விலையுள்ள தோல் ஏடாக இருந்தால் வெட்டி வேறொரு புத்தகத்துக்கு அட்டைக்குள் ஒட்டிவிடுவார்கள்.

பாஸ்டன் குடும்பம் ஏன் வைத்திருந்தது என்றால், பாசத்தால் இல்லை, பயத்தால். நார்ஃபோக் பகுதியில் சாதாரண விவசாயியாக இருந்தவர் கிளெமென்ட் பாஸ்டன். அவர் மகன் வில்லியம் சட்டம் படித்து நீதிபதியாகி நிலமாக வாங்கிக் குவித்தார். புதுப் பணக்காரர்கள் என்பதால் 'இது உன் நிலமே இல்லை' என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். 1459-இல் கைஸ்டர் கோட்டையின் சொந்தக்காரர் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் இறந்தபோது அந்தக் கோட்டை தங்களுக்கு என்று இவர்கள் சொல்ல, அது பல வருட வழக்காகி, கடைசியில் 1469-இல் நார்ஃபோக் டியூக் படையோடு வந்து கோட்டையையே முற்றுகை போட்டார். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறிய மனசு வருமா? வில்லியமுக்குப் பிறகு குடும்பத் தலைவராக இருந்த அவர் மகன் ஜான் 1466-இல் இறந்தார். அதே வருடம் அவர் மனைவி மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதுகிறார்: கஷ்ட காலத்தில் உன் அப்பா மற்ற சாமான்களைவிடத் தன் எழுத்துகளையும் ஆதாரங்களையும்தான் பெரிதாக மதித்தார், நீயும் பத்திரமாக வைத்துக்கொள் என்று. அந்த எச்சரிக்கையால்தான் சுமார் ஆயிரம் கடிதங்களும் ஆவணங்களும் இன்று நம் கையில் இருக்கின்றன.

இன்னொரு குடும்பம் சீலி. லண்டனிலிருந்து பிரான்ஸ் கரையில் இருக்கும் கலே துறைமுகத்துக்குக் கம்பளி அனுப்பி விற்றவர்கள். 1489-இல் சகோதரர்களில் ஒருவர் இறந்ததும் கடன் கணக்கில் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வந்து நீதிமன்றம் போனார்கள். ஆதாரமாகக் கொடுத்த கடிதக் கட்டு வீடு திரும்பவே இல்லை. இன்றும் அது அரசு ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. ஆக, அந்தக் காலத்து இங்கிலாந்து முழுக்கச் சொத்துச் சண்டைக்காரர்களாகவே தெரிந்தால் அது நம் கண்ணின் குற்றமில்லை. சண்டை போடாத குடும்பங்களின் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, அவ்வளவுதான்.

அந்தக் கடிதங்களில் பெண்கள் எழுதியவை உண்டா? ஒரு காதல் கடிதமாவது?
– வாசகி, நாகர்கோவில்

நிறைய உண்டு. ஆனால் மார்கரெட் பாஸ்டன் தன் கையால் எழுதியதாகத் தெரியவில்லை, சொல்லச் சொல்ல வேறு வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். 1448-இல் எதிரிகளோடு நிலத் தகராறு முற்றியிருந்த நேரத்தில் கணவருக்குக் குறுக்குவில்லும் அம்பும் வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டு, அதே கடிதத்தில் ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளுக்கு கவுன் தைக்கத் துணி என்று பட்டியல் போடுகிறார். எனக்கு இந்தக் கடிதங்களிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

காதல் கடிதமும் இருக்கிறது. 1477 பிப்ரவரியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண் மார்கரெட்டின் இன்னொரு மகனை 'என் வேலன்டைன்' என்று அழைத்து எழுதினார். நடுவில் வரதட்சணை விவகாரம்! அப்பா இதற்கு மேல் தர மாட்டார், உண்மையில் நேசிப்பவர் என்றால் அதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள் என்கிறார். இதை எழுதிக் கொடுத்தவர் அந்த அப்பாவிடமே வேலை பார்த்த எழுத்தர் என்பது கூடுதல் கூத்து. கல்யாணம் நடந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.

இத்தாலியில் பிராட்டோ ஊர் வணிகர் பிரான்செஸ்கோ தாதினியின் மனைவி மார்கெரீட்டா வயது வந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு கணவருக்குத் தானே எழுதினார். தாதினி 1410-இல் இறக்கும்போது சொத்தை ஏழைகளுக்கான அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வீட்டோடு இருந்த சுமார் ஒன்றரை லட்சம் கடிதங்களும் அப்படியே தப்பின, 19-ஆம் நூற்றாண்டில் மாடிப்படிக்கு அடியில் கிடந்து வெளியே வந்தன.

பணக்காரர்கள் கதை போதும். சாதாரண ஆட்கள் எழுதியது எதுவுமே இல்லையா?
– வாசகர், மன்னார்குடி

ரஷ்யாவின் நோவ்கோரதுக்குப் போங்கள். பிர்ச் மரப்பட்டையில் எழுத்தாணியால் கீறி எழுதி, வாசித்ததும் தெருவில் வீசியிருக்கிறார்கள். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் புதைந்ததால் மக்கவில்லை, மை இல்லாததால் கரையவும் இல்லை. 1951 ஜூலையில் முதல் பட்டை கிடைத்தது, இதுவரை ஆயிரத்துக்கும் மேல். கடன் பாக்கி, வீட்டுச் சண்டை, வேலைக்காரனுக்கு உத்தரவு எல்லாம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சிறுவன் எழுத்துப் பயிற்சி செய்த பட்டைகளும் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பாடத்தை விட்டுவிட்டு, குதிரை மேல் உட்கார்ந்து எதிரியைக் குத்துகிற மாதிரித் தன்னையே வரைந்து பெயரும் போட்டிருக்கிறான். பெரும்பாலான பட்டைகளை இணையத்தில் காசில்லாமலே பார்க்கலாம், பையனின் கிறுக்கல்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

நம் பக்கம் ஏன் இப்படி எதுவும் இல்லை?
– அதே வாசகர்

ஓலையை அவ்வப்போது படி எடுத்தால்தான் பிழைக்கும். பாட்டையும் வைத்தியத்தையும் படி எடுத்தார்கள், மாமனுக்குப் போட்ட ஓலையை யார் படி எடுப்பார்கள்? கல்லில் வெட்டியதெல்லாம் பெரும்பாலும் கோயில் தானம், நிலம், வரி.